சென்னையை அழைத்தோம், இத்தாலி பேசியது

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் 'கஜா' புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கடலை விட்டு நிலத்துக்கு வந்ததும் புயலின் வலு குறையும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். குறையத்தான் செய்தது. ஆனால் குறைவதற்குள் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைப் படுக்க வைத்துவிட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று.

மின்சாரம் போனால் கைப்பேசி ஏன் ஊமையாகிறது? கைப்பேசியில் உள்ள மின்கலம் தீர்வது பிறகு நடப்பது. முதலில் தீர்வது கோபுரத்தின் அடியில் இருக்கும் மின்கலம். அது சில மணி நேரம் தாங்கும். அதன்பின் டீசல் எஞ்சின் ஓடவேண்டும். டீசல் கொண்டுவரும் சாலையில் மரங்கள் விழுந்து கிடக்கும். கோபுரத்தை நகரத்தோடு இணைக்கும் கண்ணாடி இழைக் கம்பி எங்கோ ஓரிடத்தில் அறுந்துவிட்டாலும் கதை முடிந்தது. கோபுரம் நிற்கும், பேச்சு போகாது. அன்று அரிமளத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் நலமாகவே இருந்தோம். ஆனால் நாங்கள் நலமாக இருக்கிறோம் என்பது சென்னையில் இருந்த என் தங்கைக்குத் தெரிய இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் அவள் சோறு தின்னவில்லை என்று பிறகு சொன்னாள்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு நாளைப் பற்றியது என்று கொள்ளலாம். அரிமளத்தில் நாங்கள் சிலர், பெரும்பாலும் மாணவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி அமெச்சூர் வானொலி பயின்று வருகிறோம். புத்தாண்டு பிறக்கிறது, இந்த ஆண்டு என்ன செய்வது என்று திட்டம் போட உட்கார்ந்தபோது, சென்ற ஆண்டு நாங்கள் பட்ட ஓர் அவமானமே முதலில் பேச்சுக்கு வந்தது. அதில் நல்ல பௌதிகம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், அமெச்சூர் வானொலி என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

வீட்டிலிருந்தே ஓர் அலைபரப்பி

நாம் வீட்டில் வைத்திருக்கும் வானொலிப் பெட்டி கேட்க மட்டுமே பயன்படும். அமெச்சூர் வானொலிக்காரர் வைத்திருக்கும் நிலையம் கேட்கும், பேசவும் செய்யும். இடையில் கோபுரம் இல்லை, கம்பி இல்லை, செயற்கைக்கோள் வேண்டியதில்லை, மாதக் கட்டணமும் இல்லை. ஒரு பெட்டி, ஒரு மின்கலம், ஒரு நீளக் கம்பி, அவ்வளவே. மறுமுனையில் இருப்பவரிடமும் இதே மூன்றும் இருக்கும். இப்படிப்பட்டவர்களை உலகெங்கும் 'ஹாம்' என்று அழைக்கிறார்கள். கைத்திறன் குறைந்த தந்திக்காரரைக் கேலி செய்ய வழங்கிய சொல் இது; கேலிக்கு ஆளானவர்களே அதை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்கள்.

நினைத்தவர் நினைத்தபடி அலை பரப்ப முடியாது. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை தேர்வு வைத்து உரிமம் வழங்குகிறது. 12 வயது நிரம்பியவர் எவரும் எழுதலாம். வானொலி இயலின் அடிப்படையும் சட்டதிட்டங்களும் பாடம். உயர் வகை உரிமத்துக்கு மோர்ஸ் குறியீடும் சேரும். தேறியவருக்கு ஓர் அழைப்புக் குறி கிடைக்கும். இந்தியாவில் அது பெரும்பாலும் வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும். வியாபாரம் பேசக்கூடாது, பாட்டு ஒலிபரப்பக்கூடாது, இரகசிய மொழி பேசக்கூடாது. ஆபத்துக் காலத்தில் பிறருடைய செய்திகளை எடுத்துச் செல்லலாம். எங்கள் குழுவில் உரிமம் பெற்றவன் நான் ஒருவனே. ஆகவே பேசும் பொத்தானை நான்தான் அழுத்துகிறேன். மாணவர்கள் கேட்கிறார்கள், குறிப்பெடுக்கிறார்கள், கம்பி கட்டுகிறார்கள், என் தவறுகளைச் சுட்டிக்காட்டுகிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதன்று. 1924ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் 'மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்' தொடங்கப்பட்டது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளரின் முயற்சி அது. அதே ஆண்டு ஜூலை 31ஆம் நாள் 40 வாட் திறன் கொண்ட கருவியால் அவர்கள் ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். நாற்பது வாட் என்பது ஒரு பழைய மின்விளக்கின் திறன்! அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16ஆம் நாள்தான் பிறந்தது என்பதை நினைத்தால், ஆர்வலர்களின் சங்கம் ஒன்று அரசாங்கத்தைவிடப் பதினான்கு ஆண்டுகள் முந்திக்கொண்டது விளங்கும். ஆனால் 1927இல் பணமில்லாமல் சங்கத்தின் ஒலிபரப்பு நின்றுபோயிற்று. கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குச் சென்றது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பியது. அலை எழவில்லை என்பதற்காக மூடப்பட்ட சங்கத்தை நான் கேள்விப்பட்டதில்லை. சந்தா எழாமல் மூடப்பட்டவைதான் அதிகம்.

இத்தாலிக்காரர் வந்த மாலை

இனி எங்கள் அவமானம். சென்ற ஆண்டு வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஓர் ஒத்திகை நடத்தினோம். புயல் வந்துவிட்டது, மின்சாரம் இல்லை, கைப்பேசி இல்லை என்று வைத்துக்கொண்டு, சென்னையில் உள்ள ஒரு நண்பருடன் பேசவேண்டும். இதுதான் பயிற்சி. இரவு எட்டு மணி. மொட்டை மாடியில் கம்பி கட்டினோம். எந்த அதிர்வெண்ணில் பேசுவது? நான் 14 மெகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தேன். காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: சோம்பேறித்தனம். அலையின் நீளத்தில் பாதி அளவுக்குக் கம்பி வேண்டும். 14 மெகாஹெர்ட்ஸுக்குப் பத்து மீட்டர் கம்பி போதும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு இருபது மீட்டர் வேண்டும். எங்கள் மாடியின் நீளம் பன்னிரண்டு மீட்டர்.

அழைத்தேன். சென்னை பதில் சொல்லவில்லை. மறுபடி அழைத்தேன். நண்பர் அங்கே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும். அரைமணி நேரம் தொண்டை வறளக் கூப்பிட்டபின், பெட்டியிலிருந்து மணிமணியாக ஒரு குரல் வந்தது. இத்தாலியிலிருந்து ஒருவர்! எங்கள் அலை நன்றாகக் கேட்கிறது என்றார், எங்கள் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டார், அங்கே வானிலை எப்படி என்றார். "சார், இங்க புயலடிச்சா இத்தாலிக்காரர்தான் நமக்குப் படகு அனுப்பணும் போல" என்றான் ஒரு மாணவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கேட்கும் குரல் முந்நூற்றைம்பது கிலோமீட்டரில் கேட்காமல் போவது எப்படி?

வானத்தில் ஒரு கூரை

ஒளியைப் போலவே வானொலி அலையும் நேர்கோட்டில் செல்வது. பூமியோ உருண்டை. ஆகவே ஏரியல் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம்தான் நேர் அலை செல்லும். ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். ஒன்பது மீட்டர் உயரத்துக்கு 12 கிலோமீட்டர் சொச்சம். இரு முனையிலும் ஒன்பது மீட்டர் ஏரியல் இருந்தால் 24 கிலோமீட்டர். அரிமளத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் பேச இது போதும், இடையில் உள்ள தைலமரக் காடு கொஞ்சம் விழுங்கினாலும். சென்னைக்குப் போதாது.

தொலைதூரத்துக்குக் கைகொடுப்பது அயனி மண்டலம். சூரியனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மேல் வளிமண்டலத்தின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்து எடுக்கின்றன. சுமார் 60 கிலோமீட்டர் உயரம் முதல் பல நூறு கிலோமீட்டர் வரை இப்படிப் பிய்ந்த எலெக்ட்ரான்கள் அடுக்கடுக்காக மிதக்கின்றன. கீழிருந்து டி, இ, எஃப் என்று அடுக்குகளுக்குப் பெயர். தொலைதூரப் பேச்சுக்கு முக்கியமானது எஃப் அடுக்கு. கணக்குக்காக அதன் உயரத்தை 300 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அலை அங்கே சென்றதும் எலெக்ட்ரான்கள் அதை வளைத்துக் கீழே அனுப்புகின்றன. 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்களின் சமிக்ஞைகள் அட்லாண்டிக்கைக் கடந்து ஸ்காட்லாந்தில் கேட்டன. 1923 நவம்பரில் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இருந்த அமெச்சூர்கள் 110 மீட்டர் அலைநீளத்தை ஒட்டி இருவழியாகவே பேசினார்கள். 200 மீட்டருக்குக் குறைந்த அலைகள் எதற்கும் உதவா என்று கருதி அமெச்சூர்களுக்கு ஒதுக்கப்பட்டவை அவை!

ஆனால் இந்தக் கூரை எல்லா அலைகளையும் திருப்பாது. நேர் செங்குத்தாக மேலே ஓர் அலையை அனுப்புகிறோம். அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறோம். ஓர் எல்லை வரை அது திரும்பி வரும். எல்லையைத் தாண்டியதும் கூரையைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்கே போய்விடும். இந்த எல்லைக்கு மாறுநிலை அதிர்வெண் என்று பெயர். எங்கள் ஒத்திகையின்போது அது 9 மெகாஹெர்ட்ஸ் என்று கொள்வோம்.

கோயில் குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்து விளையாடியிருப்பீர்கள். செங்குத்தாகப் போட்டால் சில்லு 'தொபுக்' என்று மூழ்கும். தண்ணீரை உரசுகிற மாதிரி சாய்த்து எறிந்தால் தத்தித் தத்தி அக்கரைக்கே போகும். குளத்தைத் தலைகீழாக வானத்தில் வைத்துப் பாருங்கள். சாய்வாகச் செல்லும் அலை, செங்குத்து எல்லையைவிட உயர்ந்த அதிர்வெண்ணாக இருந்தாலும் திரும்பி வரும். தொடுவானத்தை ஒட்டி மிகவும் சாய்ந்து செல்லும் அலைக்கு எல்லை ஏறத்தாழ மூன்று மடங்கு, அதாவது 27 மெகாஹெர்ட்ஸ் வரை உயரும். எங்கள் 14 மெகாஹெர்ட்ஸ் அலை அதற்குள் அடங்கும். அதனால்தான் அது தத்தித் தத்தி இத்தாலி சேர்ந்தது.

சென்னை? அரிமளத்துக்கும் சென்னைக்கும் நேர்தூரம் சுமார் 350 கிலோமீட்டர். பாதி வழியில், 175 கிலோமீட்டரில், தலைக்கு மேல் 300 கிலோமீட்டரில் அலை கூரையைத் தொடவேண்டும். முக்கோணம் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 60 பாகைக் கோணத்தில் மேலே அனுப்பவேண்டும். அது கிட்டத்தட்டச் செங்குத்துதான். இந்தக் கோணத்தில் எல்லை, 9ஐ 60 பாகையின் சைன் மதிப்பால் வகுத்தால் கிடைக்கும் 10.4 மெகாஹெர்ட்ஸ். எங்களுடையது 14. சென்னைக்கென்று புறப்பட்ட அலை முழுவதும் கூரையைத் துளைத்து நட்சத்திரங்களைப் பார்க்கப் போய்விட்டது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொன்று தெரியும். அன்று 14 மெகாஹெர்ட்ஸ் திரும்பி வர வேண்டுமானால் கோணம் சுமார் 40 பாகைக்கு மேல் போகக்கூடாது. அப்படிப்பட்ட அலை பூமியை மறுபடி தொடும் இடம் சுமார் 700 கிலோமீட்டருக்கு அப்பால். அதற்குள் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் நாங்கள் ஊமை. ஹைதராபாத்தில் ஒருவர் எங்களைக் கேட்டிருக்கக்கூடும்; மதுரையிலோ திருச்சியிலோ சென்னையிலோ கேட்கவே முடியாது. இதைத் தாவல் மண்டலம் என்பர். பெட்டியில் திறன் போதவில்லை என்று எண்ணி நூறு வாட், நானூறு வாட் என்று ஏற்றினாலும் பயனில்லை. ஓட்டைப் பானையில் அதிகத் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

7 மெகாஹெர்ட்ஸில் பேசியிருந்தால்? அது 9க்குக் குறைவு. செங்குத்தாகப் போனாலும் திரும்பும். நீர்ப்பாசனக் குழாயை வானத்தை நோக்கிப் பிடித்தால் சுற்றிலும் மழையாகப் பெய்வதுபோல, அந்த அலை நானூறு கிலோமீட்டர் வட்டத்தில் இடைவெளியின்றிப் பொழியும். இதற்கு உயரமான கோபுரமும் வேண்டாம். ஐந்து முதல் பத்து மீட்டர் உயரத்தில் கிடைமட்டமாகக் கட்டிய கம்பியே அலையை நன்றாக மேல்நோக்கி அனுப்பும். மேலே போய்க் கீழே வர எடுக்கும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு சொச்சம். ஆக, பேரிடர்க் காலத்துக்கு வேண்டியது தூரம் போகும் அலை அன்று. பக்கத்தில் விழும் அலை. இதைப் புத்தகத்தில் படித்துத்தான் இருந்தேன். இத்தாலிக்காரர் வந்து சொல்லிக் கொடுக்கும்வரை உறைக்கவில்லை.

விடியலுக்கு முந்திய சிக்கல்

இருபது மீட்டர் கம்பியைப் பக்கத்து வீட்டு மாமரம் வரை இழுத்துக் கட்டி, அடுத்த ஞாயிறு பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் அழைத்தோம். சென்னை நண்பர் முதல் அழைப்பிலேயே வந்தார். மாணவர்கள் கைதட்டினார்கள். விஷயம் இத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு பெண் கேட்டாள்: "சார், கஜா எத்தனை மணிக்கு வந்துச்சு?"

சரியான கேள்வி. புயல் வந்தது நள்ளிரவுக்குப் பிறகு. அயனி மண்டலத்தைச் சமைப்பது சூரியன். சூரியன் மறைந்தபின் பிரிந்த எலெக்ட்ரான்கள் மெல்ல மெல்ல மறுபடி சேர்ந்துகொள்கின்றன. விடியலுக்குச் சற்று முன்னர்தான் கூரை மிக மெலிந்திருக்கும். மாறுநிலை அதிர்வெண் 5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினால், பகலில் நன்றாகப் பேசிய 7 மெகாஹெர்ட்ஸும் சென்னையைத் தாண்டி அறுநூறு கிலோமீட்டரில் போய் விழும். அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கவேண்டும். அதற்குக் கம்பி நாற்பது மீட்டர்! அதையே பகலில் பயன்படுத்தலாமே என்றால், அதுவும் முடியாது. பகலில் தோன்றும் டி அடுக்கு தாழ்ந்த அதிர்வெண் அலைகளை வளைப்பதில்லை, தின்றுவிடுகிறது. எனவே பகலுக்கு ஒரு கம்பி, பின்னிரவுக்கு ஒரு கம்பி. எந்த மணிக்கு எதிலிருந்து எதற்கு மாறுவது என்பதை யாரும் நமக்கு எழுதித் தரமாட்டார்கள். நம் ஊரிலிருந்து நாமே கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த ஆண்டு முழுவதற்குமான எங்கள் முதல் வேலை இதுதான். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று பின்னிரவு நான்கு மணி, காலை எட்டு, நண்பகல், மாலை ஆறு, இரவு ஒன்பது என்று ஐந்து வேளை இரண்டு அலைவரிசைகளிலும் சென்னையை அழைத்து, கேட்கிறதா, எவ்வளவு வலுவாகக் கேட்கிறது என்று ஒரு நோட்டில் குறிப்பது. பன்னிரண்டு மாதம் கழித்து நோட்டைப் பார்த்தால் நம் தலைக்கு மேலுள்ள கூரையின் நடத்தை தெரியும்.

நம் தலைக்கு மேல் என்று சொல்லும்போது ஒன்றை மறக்கக்கூடாது. தமிழ்நாட்டின் வானம் ஐரோப்பியப் புத்தகங்களில் உள்ள வானம் அன்று. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடி வழியாகச் செல்கிறது. 1963இல் இந்தியாவின் முதல் ஆராய்ச்சி ராக்கெட்டைக் கேரளத்துத் தும்பாவிலிருந்து ஏவியதற்கும் இதுவே காரணம். காந்த நடுக்கோட்டின் மேல் எஃப் அடுக்கு பகலில் மேலே தூக்கப்பட்டு, வடக்கும் தெற்குமாக வழிந்து விடுகிறது. சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் அந்த அடுக்கில் குமிழிகள் எழுவதும் உண்டு. கொதிக்கும் சோற்றுப் பானையைப் போல. அந்த வேளையில் கேட்கும் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் நடுங்கும். முதன்முறை கேட்டபோது பெட்டி கெட்டுவிட்டது என்று எண்ணி நான் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கிவிட்டேன்.

சூரியனும் ஆண்டுக்கு ஆண்டு ஒரே மாதிரி இருப்பதில்லை. சூரியப் புள்ளிகள் சுமார் பதினோர் ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. கொடைக்கானல் வானாய்வகத்தில் நூறாண்டுகளுக்கு மேலாக இவற்றைப் பதிவு செய்து வருகிறார்கள். புள்ளிகள் மிகுந்தால் கூரை தடிக்கும். 2019 டிசம்பரில் தொடங்கிய இப்போதைய சுழற்சி 2024ஆம் ஆண்டு வாக்கில் உச்சத்தை எட்டியது. இனி இறங்குமுகம். வரும் ஆண்டுகளில் அந்த நாற்பது மீட்டர் கம்பி எங்களுக்கு மேலும் மேலும் வேண்டியதாகும்.

மின்கலமும் பெரியவரும்

இரண்டாவது வேலை மின்கலக் கணக்கு. இருபது வாட் பெட்டி பேசும்போது சுமார் நான்கு ஆம்பியரும், கேட்கும்போது அரை ஆம்பியரும் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்குப் பத்து நிமிடம் பேச்சு, மீதி கேட்பு என்றால் சராசரி ஒன்றைவிடச் சற்று அதிகம். 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி கொண்ட கார் மின்கலம் முழுதாகத் தீர்க்காமல் பயன்படுத்தினாலும் ஒரு பகல் ஓர் இரவைத் தாராளமாகக் கடத்தும். பேச்சைக் குறைத்தால் இரண்டு நாள். எனவே பேரிடர் நேரத்தில் வானொலிக்காரர் வாயாடியாக இருக்கக்கூடாது. மாணவர்களுக்கு ஒரு போட்டி வைத்திருக்கிறேன்: 'அரிமளத்தில் இன்ன தெருவில் இத்தனை பேர், இன்ன மருந்து தேவை' என்ற செய்தியைப் பத்து விநாடிக்குள் தவறின்றிச் சொல்லவேண்டும், மறுமுனையில் எழுதியவர் அப்படியே திருப்பிப் படிக்கவேண்டும். முதல் நாள் நடந்த போட்டியில் மருந்தின் அளவு பத்து மடங்காகிவிட்டது.

சிக்கனத்தில் மோர்ஸ் குறியீட்டை மிஞ்ச ஒன்றில்லை. பேச்சுக்குப் பரந்த அலைவரிசை வேண்டும். திறன் அதில் சிதறிப்போகும். மோர்ஸ் ஒலி மிகக் குறுகிய இடத்தில் அடங்குவதால், பேச்சு இரைச்சலில் மூழ்கிய பிறகும் அது மிதந்து வரும். ஐந்து வாட் போதும். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. ஆனால் தந்தி அடித்த விரல்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றன. தந்திப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்களுக்குக் கற்றுத் தருகிறார். ஒரு மாணவன் புள்ளியையும் கோட்டையும் தாளில் குறித்துவிட்டு எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தான். பெரியவர் தாளை வாங்கி மடித்துவிட்டார். "எண்ணாதே தம்பி. உங்க ஆத்தா கூப்பிடுறப்போ எழுத்துக் கூட்டியா திரும்புற? சத்தத்தைக் கேட்டுத்தானே திரும்புற? இதுவும் அப்படித்தான்" என்றார். அன்று முதல் மேசையில் தாள் கிடையாது. ஜனவரி முதல் நாளில் அமெரிக்க அமெச்சூர்கள் கையால் அடிக்கும் பழைய மோர்ஸ் சாவிகளை எடுத்துப் பேசிப் புத்தாண்டைக் கொண்டாடுவது வழக்கம். இவ்வாண்டு அந்த இரவில் பெரியவர் எங்களோடு உட்கார்ந்து கேட்கச் சம்மதித்திருக்கிறார்.

அந்தமானில் நடந்தது

இதெல்லாம் பொழுதுபோக்குதானே, உண்மையில் பயன்பட்டிருக்கிறதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அம்மையாரும் குழுவினரும் அந்தமானில் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தார்கள். அவர்கள் போனது பேரிடருக்காக அன்று. அந்தமானிலிருந்து அமெச்சூர்கள் பேசியே பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கிருந்து ஒரு குரல் கேட்கவேண்டும் என்று உலகெங்கும் பலர் காத்திருந்தார்கள். ஒரு பந்தயம்போலப் பேசிக்கொண்டிருந்தபோது 26ஆம் நாள் காலை நிலம் அதிர்ந்தது, சுனாமி வந்தது. தொலைபேசிகள் செத்தன. அந்த அம்மையார் விளையாட்டை நிறுத்திவிட்டு, தீவுகளுக்கும் இந்திய நிலப்பரப்புக்கும் இடையே செய்திகளை எடுத்துச் செல்லும் வேலையில் இறங்கினார். உயிரோடு இருக்கிறார், நலம் என்ற இரண்டு சொற்களுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் பல. கருவி அங்கே இருந்தது தற்செயல். ஆனால் எந்நேரத்துக்கு எந்த அதிர்வெண் என்ற அறிவு தற்செயலாக வந்திருக்க முடியாது. அதற்கு முந்திய மூன்று வாரமும் அவர்கள் இரவு பகலாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆண்டின் மற்ற நாள்களையும் நிரப்ப வேண்டுமே. ஏப்ரல் 18 உலக அமெச்சூர் வானொலி நாள். 1925இல் அந்நாளில் பாரிஸில் சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் பிறந்தது. அன்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெட்டியைத் திறந்து காட்டுவோம். ஆகஸ்டில் உலகெங்கும் கலங்கரை விளக்கங்களிலிருந்து பேசும் வார இறுதி ஒன்று வரும்; அனுமதி கிடைத்தால் கோடியக்கரைக்குப் போக ஆசை. அக்டோபரில் சாரணர்களின் வானொலிக் கூட்டம். அதற்குள் மழைக்கால ஒத்திகையை முடித்துவிட வேண்டும்.

சர்வதேச விண்வெளி நிலையமும் 145.8 மெகாஹெர்ட்ஸில் பேசுவதுண்டு. 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து பெங்களூரு, ஷில்லாங் மாணவர்களோடு அமெச்சூர் வானொலி வழியே பேசினார். அரிமளத்தின் மேல் அது கடக்கும் பத்து நிமிடத்தில், நெருங்கும்போது மூன்று கிலோஹெர்ட்ஸ் போல உயர்ந்தும் விலகும்போது அதே அளவு தாழ்ந்தும் அதிர்வெண் நகரும். ரயில் ஊதிக்கொண்டு நம்மைக் கடக்கும்போது ஒலி இறங்குகிறதே, அதே டாப்ளர் விளைவு. நகர்வை அளந்து நிலையத்தின் வேகத்தைக் கண்டுபிடிப்பது பிளஸ்-டூ மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு.

பெட்டிக்குப் பணம்? விலைக்கு வாங்கினால் எங்கள் சங்கமும் 1927ஐப் பார்த்துவிடும். 2003இல் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் 'பிட்எக்ஸ்' என்ற பெட்டியை வடிவமைத்து, சுற்றுப்படத்தை எல்லோருக்கும் திறந்து வைத்தார். இந்தியக் கடைகளில் கிடைக்கும் சாதாரண டிரான்சிஸ்டர்களால் கட்டலாம். கம்பிச் சுருள் சுற்றத் தண்ணீர்க்குழாய் வாஷரையே பயன்படுத்தினார். உலகெங்கும் பலர் அதைத் தாமே கட்டியிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளும் ஒன்றைக் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். கேட்கும் பகுதி முடிந்து, சென்ற வாரம் யாரோ மலையாளத்தில் பேசுவது அதில் கேட்டது. பேசும் பகுதியை முடித்தாலும், இரண்டு பேராவது தேர்வில் தேறி உரிமம் வாங்கும்வரை அந்தப் பொத்தான் என்னுடையதே.

ஜனவரி முதல் ஞாயிறு, பின்னிரவு நான்கு மணி. 3.5 மெகாஹெர்ட்ஸில் சென்னையை முதல் முறை அழைக்கப்போகிறோம். நண்பர் கடிகாரத்தில் மணி வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மின்கலம் ஏற்றியாகிவிட்டது. நாற்பது மீட்டர் கம்பிக்கு ஒரு முனை எங்கள் மாடி. மறுமுனை கட்டத் தோதான தென்னை ஒன்று இருந்தது, அதை கஜா கொண்டுபோய்விட்டது. எதிர்த் தெருவில் ஒரு புளியமரம் இருக்கிறது. அதன் சொந்தக்காரரிடம் நாளைக் காலையில் போய்க் கேட்கவேண்டும்.